பார்த்ததை எழுதி வைப்போம்

அணிலுக்கு எத்தனை கோடு?

அணிலைப் பார்க்காதவர் யாரும் இல்லை. அதன் முதுகில் கோடு இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். எத்தனை கோடு என்று கேட்டால், "மூன்று" என்று உடனே பதில் வரும். ராமர் தடவிக் கொடுத்த மூன்று விரல்களின் தடம் அது என்று பாட்டிமார் கதை சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் நாம் பார்க்கும் அணிலுக்கு மூன்று கோடுதான். ஆனால் தில்லிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பூங்காக்களில் ஓடும் அணிலுக்கு ஐந்து கோடு. நடுவில் மூன்று. பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. தென் இந்தியாவில் பரவலாக இருப்பது மூன்று வரி அணில். வட இந்தியாவில் பரவலாக இருப்பது ஐந்து வரி அணில். இரண்டும் வேறு வேறு இனங்கள்.

அணிலைத் தினமும் பார்ப்பவர்களில்கூட இதைக் கவனிக்காதவர்கள் உண்டு. பார்ப்பது வேறு. உற்றுப் பார்ப்பது வேறு. உற்றுப் பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வைப்பது அதைவிடப் பெரிய வேலை. அந்த வேலையை யாரும் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

நகரத்தில் வாழும் உயிர்கள்

காட்டு உயிர் என்றால் புலியும் யானையும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நகரத்திலும் காட்டு உயிர்கள் வாழ்கின்றன. யாரும் வளர்க்காமல் தானாக வாழும் உயிர் எல்லாமே காட்டு உயிர்தான்.

தில்லி நம் நாட்டின் தலைநகரம். கோடிக்கணக்கான மக்கள் வாழும் ஊர். அங்கே வானத்தைப் பார்த்தால் பருந்துகள் வட்டமிடும். பழைய கட்டடங்களின் சுவர்ப் பொந்துகளில் பச்சைக்கிளிகள் குஞ்சு பொரிக்கும். மரப் பொந்தில் சிறிய புள்ளி ஆந்தை பகலிலும் எட்டிப் பார்க்கும். சாலையோர மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும். தில்லியின் நடுவே பாறைகளும் முள்மரங்களும் நிறைந்த மேட்டுக் காடு ஒன்று உண்டு. அங்கே நரியும் கீரியும் மயிலும் இருக்கின்றன. யமுனை ஆற்றங்கரைக்குக் குளிர்காலத்தில் தொலைதூர நாடுகளிலிருந்து வாத்துகள் வருகின்றன.

இவற்றுக்கு ரேஷன் அட்டை கிடையாது. ஓட்டுரிமையும் கிடையாது. எத்தனை இருக்கின்றன, கூடுகின்றனவா குறைகின்றனவா என்று யாராவது பார்த்து எழுதினால்தான் தெரியும். எழுதாவிட்டால் என்ன ஆகும்? பிணந்தின்னிக் கழுகின் கதை அதைச் சொல்கிறது.

கழுகுகள் எங்கே போயின?

1980-களில் தில்லியில் பிணந்தின்னிக் கழுகுகள் ஏராளமாக இருந்தன. அவற்றில் வெண்முதுகுக் கழுகு என்ற இனம்தான் அதிகம். சாலையோர மரங்களில்கூட அவை கூடு கட்டின. ஊருக்கு வெளியே மாடு செத்துக் கிடந்தால் கூட்டமாக இறங்கும். கொஞ்ச நேரத்தில் எலும்பு மட்டும் மிஞ்சும். சம்பளம் வாங்காமல் ஊரைச் சுத்தம் செய்த பறவை அது.

எங்கும் இருந்ததால் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் ஓர் இடத்தில் கணக்கு இருந்தது. ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கேவலாதேவ் தேசியப் பூங்கா உள்ளது. விபு பிரகாஷ் என்ற பறவை ஆராய்ச்சியாளர் 1980-களின் நடுவில் அங்கே கழுகுகளை எண்ணி எழுதி வைத்தார். பத்து ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடியும் எண்ணினார். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குறைந்துவிட்டது. கழுகுகள் கழுத்தைத் தொங்கப் போட்டபடி மரத்தில் சோர்ந்து உட்கார்ந்திருந்தன. பிறகு செத்து விழுந்தன. 1999-ல் இந்தக் கணக்கை அவர் வெளியிட்டார்.

பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால் அவர் சொன்னதை யார் நம்பியிருப்பார்கள்? "கழுகு வேறு பக்கம் போயிருக்கும்" என்று சொல்லியிருப்பார்கள். பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதனால் பேச்சுக்கு இடம் இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு காரணத்தைத் தேடினார்கள். 2004-ல் காரணம் வெளியானது. டைக்ளோஃபெனாக் என்பது வலி நீக்கும் மருந்து. அதை மாடுகளுக்குக் கொடுத்து வந்தார்கள். மருந்து கொடுத்த மாடு சில நாளில் செத்துப் போனால், அதன் உடலில் மருந்து தங்கியிருக்கும். அந்த இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். கழுகு செத்துவிடும்.

2006-ல் இந்திய அரசு இந்த மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்கத் தடை விதித்தது. கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் என்ற வேறு மருந்து இருக்கிறது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற இன்னும் இரண்டு மருந்துகளையும் கால்நடைகளுக்குக் கொடுக்க அரசு தடை செய்தது.

ஆனாலும் இழப்பு பெரிது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகு ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. செத்த மாடுகள் அழுகிக் கிடந்தன. அவற்றைத் தின்று தெரு நாய்கள் பெருகின. நாய்க்கடியும் வெறிநோயும் மனிதரைத்தான் தாக்கும். ஒரு பறவை போனால் அதன் சுமை மனிதர் தலையில் விழும்.

பட்டம் பெறாதவர்கள் செய்த வேலை

"இதெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்கள் செய்யும் வேலை" என்று நினைக்க வேண்டாம்.

சாலிம் அலி 1896-ல் பம்பாயில் பிறந்தார். பத்து வயதில் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. "இது என்ன குருவி?" என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. பையனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த செயலாளர் பறவையின் பெயரைச் சொன்னார். அலமாரி அலமாரியாக வைத்திருந்த பறவை உடல்களையும் காட்டினார். சிறுவனுக்குப் புது உலகம் திறந்தது.

அந்த வயதிலேயே அவர் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். அது சாதாரணச் சிட்டுக்குருவியைப் பற்றியது. சுவரில் இருந்த கூட்டில் பெண் குருவி அடைகாத்தது. வெளியே ஆண் குருவி காவல் இருந்தது. அவர் ஆண் குருவியைச் சுட்டார். சீக்கிரமே வேறோர் ஆண் குருவி வந்து காவல் நின்றது. அதையும் சுட்டார். இன்னொன்று வந்தது. ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள்! அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டுத்தான் ஆராய்ந்தார்கள். இன்று அப்படிச் செய்யக் கூடாது, செய்யத் தேவையும் இல்லை. ஆனால் எண்ணி எழுதிய அந்தப் பழக்கத்தைப் பாருங்கள். பல பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பு அச்சில் வந்தது.

சாலிம் அலி பல்கலைக்கழகப் பட்டம் பெறவில்லை. அதனால் அரசு வேலை ஒன்றும் அவருக்குக் கிடைக்காமல் போனது. ஆனாலும் 1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகத்தை இன்றும் மக்கள் படிக்கிறார்கள். 1987-ல் அவர் காலமானார். இந்தியப் பறவை ஆராய்ச்சி என்றாலே இன்றும் அவர் பெயர்தான் முதலில் வரும்.

தில்லியில் உஷா கங்குலி என்ற பெண்மணி இருந்தார். பறவை பார்ப்பது அவருக்கு வேலை அல்ல, விருப்பம். தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் பார்த்த பறவைகளைப் பல ஆண்டுகள் எழுதி வந்தார். அவர் மறைந்த பிறகு, 1975-ல், அது புத்தகமாக வெளிவந்தது. தில்லிப் பகுதியின் 400-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அதில் இருக்கின்றன. தில்லியில் அன்று எந்தப் பறவை இருந்தது, இன்று எது இல்லை என்று தெரிந்துகொள்ள அந்தப் புத்தகம் உதவுகிறது.

அடையாளம் காண்பது எப்படி?

புதிதாக ஓர் உயிரைப் பார்த்தால் உடனே பெயரைத் தேட வேண்டாம். பெயர் பிறகு வரும். முதலில் ஆறு கேள்விகளைக் கேளுங்கள்.

1. எவ்வளவு பெரியது? தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். சிட்டுக்குருவி அளவா? மைனா அளவா? காக்கை அளவா?
2. என்ன நிறம்? உடல், தலை, கழுத்து, இறக்கை, வால் என்று தனித்தனியாகப் பாருங்கள்.
3. அலகு எப்படி? தானியம் தின்னும் பறவைக்குத் தடித்த, குட்டையான அலகு. இறைச்சி தின்னும் பறவைக்கு வளைந்த அலகு.
4. வால் எப்படி? நீளமா, குட்டையா? நுனி பிளந்திருக்கிறதா?
5. என்ன குரல்?
6. எங்கே இருந்தது? என்ன செய்தது?

இரண்டு காக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காக்கைக்குக் கழுத்து சாம்பல் நிறம். அண்டங்காக்கைக்கு உடல் முழுவதும் கறுப்பு. அலகும் தடிமன்.

சிட்டுக்குருவியில் ஆணுக்குத் தொண்டையில் கறுப்பு இருக்கும். உச்சந்தலை சாம்பல் நிறம். பெண் குருவிக்கு அந்தக் கறுப்பு இல்லை. உடல் மங்கிய பழுப்பு.

தில்லி ரயில் நிலையத்திலும் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளிலும் இரண்டு வகை மைனா வரும். ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும் மைனா. அதன் உடல் பழுப்பு. கண்ணைச் சுற்றி மஞ்சள். இன்னொன்று கரை மைனா. அதன் உடல் நீலம் கலந்த சாம்பல் நிறம். கண்ணைச் சுற்றிச் செம்மஞ்சள். ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டிக் கூடு வைப்பதால் அதற்கு அந்தப் பெயர். இரண்டும் ஒரே இடத்தில் கலந்து மேயும். உற்றுப் பார்க்காதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கழுகா, பருந்தா?

ஒருவர் சொன்னதை எப்படிச் சரி பார்ப்பது? இப்படி ஒரு பேச்சை நினைத்துப் பாருங்கள். தில்லியில் ஒரு பூங்கா. அங்கே காவல் பார்ப்பவர் ஒரு பெரியவர். வாசலில் டீ விற்கிறார் ஓர் அம்மா. அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பார்த்த பறவைகளை அதில் எழுதுகிறார்.

பெரியவர்: அம்மா, உன் நோட்டை எடு. கழுகு வந்துவிட்டது! இருபது வருடம் கழித்து வந்துவிட்டது!

அம்மா: அப்படியா ஐயா! நீங்களே பார்த்தீர்களா? யாராவது சொன்னார்களா?

பெரியவர்: நானேதான் பார்த்தேன். காலையில் ஏழு மணிக்கு. குளத்துக்கு மேலே வட்டமிட்டது.

அம்மா: எத்தனை ஐயா?

பெரியவர்: மூன்று.

அம்மா: வாலைப் பார்த்தீர்களா?

பெரியவர்: பார்த்தேன். மீன் வால் மாதிரி நடுவில் பிளந்திருந்தது.

அம்மா: கழுத்து மொட்டையாக இருந்ததா?

பெரியவர்: இல்லை. கழுத்தில் இறகு இருந்தது.

அம்மா: அப்படியென்றால் அது பருந்து ஐயா. கழுகுக்கு வால் குட்டை. பிளவு இருக்காது. கழுத்தில் இறகு இருக்காது. உடம்பும் பெரிது.

பெரியவர்: அட, ஆசையாகச் சொல்ல வந்தேனே!

அம்மா: எனக்கும் ஆசைதான் ஐயா. ஆனால் கழுகு என்று எழுதினால், கழுகு திரும்பி வந்துவிட்டது என்று படிப்பவர்கள் நம்புவார்கள். இனிக் கவலை இல்லை என்று விட்டுவிடுவார்கள். பருந்து மூன்று என்றே எழுதுகிறேன். பார்த்தவர் என்று உங்கள் பெயரையும் எழுதுகிறேன்.

பெரியவர்: சரி, எழுது. நாளைக்கு இன்னும் நன்றாகப் பார்க்கிறேன்.

அந்த அம்மா பெரியவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டார். பதிலிலிருந்து விடை கிடைத்தது. ஆசைப்பட்டதை எழுதக் கூடாது. பார்த்ததைத்தான் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் "பெயர் தெரியவில்லை" என்றே எழுதலாம். அதில் வெட்கம் இல்லை. அடையாளங்களை எழுதி வைத்தால், தெரிந்தவர் ஒருநாள் பெயரைச் சொல்வார்.

நோட்டில் என்ன எழுதுவது?

ஒரு சாதாரண நோட்டும் பேனாவும் போதும். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

தேதி: 16-2-2025, ஞாயிறு
இடம்: தில்லி, லோதி தோட்டம், குளக்கரை
நேரம்: காலை 7:10 முதல் 7:30 வரை
வானிலை: லேசான பனிமூட்டம்
பார்த்தவை: பச்சைக்கிளி 12, வீட்டுக் காக்கை 9, மைனா 6, பருந்து 3, ஐந்து வரி அணில் 4
குறிப்பு: வேப்பமரப் பொந்தில் புள்ளி ஆந்தை 1. இரண்டு மைனாக்கள் அதைப் பார்த்துக் கத்தின.
பெயர் தெரியாதது: 1. குருவியைவிடச் சிறியது. பச்சை நிறம். வால் தூக்கியபடி இருந்தது.

தேதி, இடம், நேரம், எண்ணிக்கை. இந்த நான்கும் முக்கியம். இவை இல்லாவிட்டால் குறிப்பு வெறும் நினைவுதான். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாரம் ஒருமுறை பார்த்து எழுதினால் இன்னும் நல்லது. ஓர் ஆண்டு முடியும்போது எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகிறது என்று நோட்டே சொல்லும்.

செல்போனில் படம் எடுத்தால் அதையும் சான்றாக வைக்கலாம். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் வசதியும் இப்போது செல்போனில் இருக்கிறது. அது சில நேரம் தவறான பெயரும் சொல்லும். அதனால் அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெயரை எழுதுங்கள்.

நோட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும். ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் என்ற ஆங்கிலேய அதிகாரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1885-ல் காங்கிரஸ் கட்சி தோன்றக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். அவர் பெரிய பறவை ஆராய்ச்சியாளரும்கூட. பல ஆண்டுகள் எழுதிய குறிப்புகளைச் சிம்லாவில் தம் வீட்டில் வைத்திருந்தார். 1880-களில் ஒருமுறை வெளியூர் போய்த் திரும்பினார். குறிப்புகளைக் காணோம். வேலைக்காரர் அவற்றைப் பழைய காகிதமாகக் கடைவீதியில் எடைக்குப் போட்டுவிட்டார். ஹ்யூம் மனம் உடைந்தார். பறவை ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். ஆகவே நோட்டின் மேல் பெயரை எழுதுங்கள். அது என்ன நோட்டு என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

செய்யக் கூடாதவை

கூட்டைத் தொடாதீர்கள். கூட்டின் அருகே அதிக நேரம் நிற்காதீர்கள். தாய்ப் பறவை பயந்து முட்டையை விட்டுப் போய்விடலாம்.

பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீர்கள். தள்ளி நின்று பாருங்கள். வீட்டுக்குள் வந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

வௌவாலையும் செத்த பறவையையும் வெறுங்கையால் தொடாதீர்கள். குரங்குக்குத் தீனி போட்டுப் பழக்காதீர்கள்.

பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பல கைகள் சேர்ந்த கணக்கு

ஒருவர் நோட்டில் எழுதுவதால் என்ன பயன்? பலருடைய குறிப்புகள் சேரும்போது நாட்டின் கணக்கு கிடைக்கிறது.

சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். தில்லி அரசு 2012-ல் அதை மாநிலப் பறவையாக அறிவித்தது. உண்மை நிலை என்ன? இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-ல் ஓர் அறிக்கை வெளிவந்தது. 15,000-க்கும் மேற்பட்டவர்கள் அனுப்பிய ஒரு கோடிக் குறிப்புகளை வைத்து அதைத் தயாரித்தார்கள். நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை. தில்லி, மும்பை, சென்னை போன்ற பெரிய நகரங்களில் குறைந்திருக்கிறது. சாதாரண மக்கள் எழுதிய கணக்குதான் இதைச் சொன்னது.

2023-ல் அடுத்த அறிக்கை வந்தது. இந்த முறை சுமார் 30,000 பேர். மூன்று கோடிக் குறிப்புகள். 942 பறவை இனங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 178 இனங்களுக்கு உடனே பாதுகாப்புத் தேவை என்று கண்டார்கள்.

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் நான்கு நாள் உலகம் முழுவதும் பறவைகளை எண்ணுகிறார்கள். 2013 முதல் இந்தியாவிலும் எண்ணுகிறார்கள். வீட்டு வாசல், மொட்டை மாடி, பள்ளி மைதானம், எங்கே வேண்டுமானாலும் நின்று எண்ணலாம். குறைந்தது 15 நிமிடம் எண்ண வேண்டும். கட்டணம் இல்லை. பட்டம் கேட்பதில்லை.

காக்கை, குருவி, மைனா என்று "சாதாரணம்" பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். ஒரு காலத்தில் கழுகும் சாதாரணப் பறவைதான்.

பயிற்சி

1. வட இந்திய அணிலுக்கும் தென் இந்திய அணிலுக்கும் என்ன வேறுபாடு?
2. பருந்தையும் பிணந்தின்னிக் கழுகையும் எப்படிப் பிரித்து அறிவீர்கள்?
3. கழுகுகள் குறைந்தது எப்படித் தெரிய வந்தது? காரணம் என்ன?
4. குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டிய நான்கு செய்திகள் எவை?
5. உங்கள் ஊரில் முன்பு இருந்து, இப்போது காணாமல் போன உயிர் ஏதாவது உண்டா? பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.

செய்து பாருங்கள்

நாளைக் காலை வாசலில் 15 நிமிடம் நில்லுங்கள். பார்த்த உயிர்களை எண்ணுங்கள். தேதி, இடம், நேரம் போட்டு எழுதுங்கள். எழுதியதைக் கற்போர் வட்டத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.